சைலன்சர் மாற்றியாச்சு, கார்புரேட்டரை என்ன செய்வது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தாச்சு, சரியாகலை." ஆகாதுதான். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் அந்த மிக்சர் ஸ்க்ரூவின் செல்வாக்கு, ஐடிலிங்கிலிருந்து ஆக்சிலேட்டர் கால்வாசி திறக்கும் வரைதான். அதற்கு மேல் முக்கால் வரை நீடில் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி), கடைசியில் மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் அளவெடுத்த சிறு துளை). எந்த இடத்தில் வண்டி முரண்டு பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

என்னுடையது கார்புரேட்டர் உள்ள பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டதிலிருந்து, ஆக்சிலேட்டரை விட்டதும் பட் பட் என்று வெடிக்கிறது. ஜெட் மாற்றணுமா?

அவசரப்படாதீர்கள். சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப், இன்ஜின் ஹெட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். சுற்றிலும் கரி படிந்திருந்தால் கேஸ்கெட் லீக். வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் வந்த பெட்ரோலைச் சைலன்சருக்குள்ளேயே கொளுத்துகிறது. புது கேஸ்கெட் போட்டாலே பல வண்டிகள் அடங்கிவிடும்.

லீக் இல்லையென்றால், ஐடிலிங் கலவையில் பெட்ரோல் குறைவு. நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஐடிலிங்கைச் சற்று ஏற்றி, மிக்சர் ஸ்க்ரூவை அழுத்தாமல் கடைசி வரை உள்ளே திருகி, இரண்டு சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் சுற்றாகத் திருகி, இன்ஜின் எந்த இடத்தில் அதிக வேகத்தில் சீராக ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, ஐடிலிங்கைப் பழையபடி இறக்குங்கள். மூன்று சுற்று தாண்டியும் வேகம் ஏறிக்கொண்டே போனால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் ஒரு சைஸ் பெரிதாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால்தான் பெட்ரோல் கூடும். இதைக் கவனிக்காமல் தலைகீழாகத் திருகிவிட்டு ஜெட்டைக் குறை சொல்பவர்கள் நிறைய. இவ்வளவுக்கும் பிறகு இறக்கத்தில் ஒன்றிரண்டு வெடித்தால் விட்டுவிடுங்கள், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

பல்சரில் ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துவிட்டு கோன் ஃபில்டர் போட்டேன். நடுவில் பிக்கப்பே இல்லை.

டப்பாவைத் திரும்ப மாட்டுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுடையது வேக்குவம் கார்புரேட்டர். அதில் நீடிலைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்லைடைத் தூக்குவது கேபிள் அல்ல, காற்றழுத்த வித்தியாசம். அந்த டப்பா தூசியை வடிகட்டுவதோடு, கார்புரேட்டரின் வாயில் காற்று அலைபாயாமலும் பார்த்துக்கொள்கிறது. கோன் ஃபில்டரின் ரப்பர், வாய்ப்பகுதியில் இருக்கும் சிறு காற்றுத் துளைகளை மூடிவிட்டால் கதை முடிந்தது, ஸ்லைடு ஒழுங்காக ஏறாது.

கோன்தான் வேண்டும் என்றால் அந்தத் துளைகள் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நீடிலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கிளிப்பை மாற்ற வரிப்பள்ளங்கள் இல்லாத நீடில் என்றால், அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று வைத்தால் போதும். மெயின் ஜெட்டையும் சேர்த்து மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

யமஹா ஆர்எக்ஸ் 100, எக்ஸ்பான்ஷன் சேம்பர் (டூ ஸ்ட்ரோக்குக்கான வயிறு பெருத்த சைலன்சர் குழாய்) போட்டிருக்கிறேன். எத்தனாம் நம்பர் மெயின் ஜெட் போடலாம்?

நம்பர் சொல்ல மாட்டேன். சேம்பர், போர்ட், ஃபில்டர், ஊர் உயரம் என எல்லாம் சேர்ந்துதான் ஜெட் முடிவாகும். ஒரே நம்பர் குத்திய இரண்டு மலிவு ஜெட்டுகளே ஒன்று போல இருப்பதில்லை. நான் சொல்வது வழி மட்டும்: பெரிய ஜெட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு சைஸாகக் குறைத்து வாருங்கள். சின்னதில் ஆரம்பித்து ஏறாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறி பிஸ்டன் ஜாம் ஆகும். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிறீர்கள் என்றால் பெட்ரோலோடு ஆயிலும் குறையும், ஆபத்து இரட்டிப்பு.

வெறிச்சோடிய நேரான சாலையில் முழு ஆக்சிலேட்டரில் விக்கி விக்கி ஓடினால் ஜெட் பெரிது. முழு ஆக்சிலேட்டரிலிருந்து லேசாகக் குறைத்ததும் வண்டி இன்னும் இழுத்தால் ஜெட் சிறிது, உடனே நிறுத்துங்கள். ஜெட் துளையைக் கம்பி விட்டுப் பெரிதாக்கும் வித்தையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஸ்பார்க் ப்ளக் வெள்ளையாக இருக்கிறது. "நல்லா எரியுது" என்கிறார் மெக்கானிக். சரியா?

இல்லை. காபித்தூள் போன்ற லேசான பழுப்பு நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, கரி என்றால் அதிகம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் எத்தனாலோடு ஆக்சிஜனும் சேர்ந்து வருவதால், அதே ஜெட்டில் கலவை முன்னைவிட வறண்டுபோகும், அதாவது பெட்ரோல் போதாமல் போகும். பழைய வண்டிக்குப் பழைய கணக்கு இனி ஒத்துவராது.

சத்தத்துக்கு போலீஸ் பிடித்தால்?

அபராதம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை போகலாம். ட்யூனிங்கால் இதற்கு வழியில்லை. கம்பெனி சைலன்சரைத் தூக்கி எறியாதீர்கள்.

ஊட்டிக்கு இரண்டு நாள் போகிறோம். ஜெட் குறைக்கணுமா?

வேண்டாம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து கலவையில் பெட்ரோல் கூடும், வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். அங்கேயே குடியிருப்பவர்கள் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சின்ன ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கி கோவை வரை விரட்டினால் இன்ஜின் தாங்காது. இறங்குவதாக இருந்தால் பெரிய ஜெட்டை மாட்டிக்கொண்டு இறங்கட்டும்.