ஜேமீட்டர் கிராஃபில் சராசரி நன்றாக இருக்கிறது, ஆனால் பயனர்கள் ‘சுற்றிக்கொண்டே இருக்கிறது’ என்கிறார்கள். எந்த கிராஃபை நம்புவது?

லோடு டெஸ்டில் (ஒரே நேரத்தில் நிறையப் பேர் வந்தால் தளம் தாங்குமா என்று ஜேமீட்டர் போன்ற கருவியால் பார்ப்பது) கோடு நேராகப் போகிறது, சராசரி கால் நொடிக்கும் கீழே, ஆனால் லைவுக்குப் போனதும் புகார் வருகிறது, கிராஃப் தப்பா நான் பார்ப்பது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கருவி தான் அளந்ததைச் சரியாகத்தான் வரைகிறது. ஆனால் காத்திருந்தவர்களில் பெரும்பாலோரை அது அளக்கவே இல்லை.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான் என்றாலும் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ். வேலை கோயம்புத்தூரில், தினமும் வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் எல்லை தாண்டுகிறேன். அப்பா லாரி ஓட்டினார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரி செக்போஸ்ட்டுகளை எடுக்கும் வரை, எல்லையில் லாரிகள் வரிசைகட்டி நிற்பது எங்களுக்குப் பழகிய காட்சி. கவுண்டரில் பேப்பரை நீட்டி சீல் வாங்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்காக அப்பா சில நாள் ராத்திரி முழுக்க ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடப்பார். கவுண்டருக்குள் உட்கார்ந்து ஒருவர் கணக்கெடுத்தால் ‘வண்டிக்கு ஐந்து நிமிடம்’ என்றுதான் எழுதுவார். அந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. வெளியே நிற்கும் வரிசை மட்டும் அதில் இருக்காது.

இனி எங்கள் கதை. ஓணத்துக்கு முன்னால் ஒரு பஸ் டிக்கெட் தளத்துக்கு டெஸ்ட் செய்து கொடுத்தோம். ஓணம் சமயத்தில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் ஒரே நேரத்தில் சீட் தேடுவார்கள். எண்களைக் கணக்குப் போட வசதியாக முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். 50 த்ரெட் (பயனர் போல நடிக்கும் 50 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்), நடுவில் இடைவெளி இல்லை, ஒரு ரிக்வெஸ்டுக்கு 200 மில்லிசெகண்ட். அதாவது நொடிக்கு 250 ரிக்வெஸ்ட். சராசரி 214 மில்லிசெகண்ட் வந்தது. 99-வது பெர்சன்டைலும் (நூற்றில் 99 பதில்கள் எந்த நேரத்துக்குள் வந்தன என்ற எண்) 200 பக்கம்தான். நான்தான் ரிப்போர்ட் எழுதினேன், நல்ல ரிப்போர்ட் என்று மனதார நம்பித்தான் அனுப்பினேன். லைவில் சீட் தேர்ந்தெடுத்த ஆட்கள் பக்கம் நகராமல் தவித்தார்கள்.

நடந்தது இதுதான். பணம் கட்டாமல் விட்டுப்போன சீட்டுகளை விடுவிக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வேலை ஓடும். அது ஓடும்போது டேட்டாபேஸில் சீட் டேபிள் முழுவதையும் பூட்டிவிடும். 20 நொடிக்கு எல்லாம் நிற்கும். இதை நம் டெஸ்ட் எப்படிப் பார்த்தது? 50 த்ரெடும் ஆளுக்கு ஒரு ரிக்வெஸ்டை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அடுத்ததை அனுப்பாமல் சும்மா நின்றன. அந்த நிமிடத்தின் மீதி 40 நொடியில் 10,000 ரிக்வெஸ்ட் வேகமாகப் போனது. மெதுவானது 50 மட்டும். அந்த ஒரு நிமிடத்துக்குச் சராசரி போட்டால் 200 என்பது 300 ஆகிறது, அவ்வளவுதான். 10,050-ல் 50 என்பது அரை சதவீதம்கூட இல்லை, அதனால் 99-வது பெர்சன்டைல் அசையவே இல்லை.

நிஜத்தில் மனிதர்கள் அப்படி நிற்க மாட்டார்கள். சர்வர் மாட்டிக்கொண்டிருப்பது பெங்களூரில் இருக்கிறவருக்குத் தெரியாது, அவர் பாட்டுக்குத் தளத்தைத் திறப்பார். நொடிக்கு 250 பேர் வீதம் அந்த 20 நொடியில் 5,000 பேர் வந்து சேர்வார்கள். முதலில் வந்தவர் 20 நொடி, கடைசியில் வந்தவர் ஒரு நொடிக்கும் குறைவு, சராசரியாக ஒவ்வொருவரும் 10 நொடி காத்திருப்பார்கள். நம் கிராஃபில் 50 பேர், நிஜத்தில் 5,000 பேர். இதற்கு ‘கோஆர்டினேட்டட் ஒமிஷன்’ என்று பெயர் வைத்தவர் ஜாவா மென்பொருள் நிறுவனமான அசூல் சிஸ்டம்ஸின் கில் டெனே. சர்வர் நிற்கும்போது அளக்கும் கருவியும் கூடவே நின்றுகொள்கிறது என்பதுதான் அந்தப் பெயரின் சாரம். முதல் தடவை படித்தபோது எனக்கு அப்பாவின் வரிசைதான் நினைவுக்கு வந்தது.

இதைச் சரிசெய்ய, ரிக்வெஸ்ட் அனுப்பும் வேகத்தைப் பதிலிலிருந்து பிரித்துவிட வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நொடிக்கு இத்தனை என்று அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஜேமீட்டர் 5.5-லிருந்து ‘ஓபன் மாடல் த்ரெட் குரூப்’ என்று ஒன்று இருக்கிறது, இதற்காகவே வந்தது. கேட்லிங், கே6 என்ற வேறு லோடு டெஸ்ட் கருவிகளிலும்கூட இப்படி வருகை வேகத்தைக் கொடுத்து ஓட்டலாம். அனுப்பும் வேகத்தை ஒரே அளவில் வைக்க ஜேமீட்டரில் இருக்கும் ‘கான்ஸ்டன்ட் த்ரூபுட் டைமர்’ போட்டால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. அது வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும், த்ரெடெல்லாம் மாட்டிக்கொண்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, கிராஃபுக்கு வருகிறேன். ஜேமீட்டரின் எச்டிஎம்எல் ரிப்போர்ட்டில் ‘ஓவரால் கிரானுலாரிட்டி’ என்று ஒரு மதிப்பு இருக்கிறது. இயல்பாக அது 60,000 மில்லிசெகண்ட், அதாவது ஒரு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. 20 நொடி நின்றது அந்தப் புள்ளிக்குள் கரைந்துபோகும். இதை 1,000 ஆக்கினேன். அதுவரை ஓடை மாதிரி அமைதியாக இருந்த கோடு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பல் வீதம் சீப்பு மாதிரி நின்றது. அதே டெஸ்ட், அதே கோப்பு. பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள தூரம் ஒரே அளவாக இருந்ததால், ஏதோ நேரம் வைத்து ஓடும் வேலை என்பது பார்த்தவுடன் புரிந்துவிட்டது. என்னைக் கேட்டால், லோடு டெஸ்டில் கிராஃப் வரைவதே இதற்காகத்தான். எண் எவ்வளவு என்பதை ரிப்போர்ட்டின் அட்டவணையே சொல்லிவிடும். எப்போது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பதற்குத்தான் படம் வேண்டும்.

அதனால் சராசரிக் கோட்டை விட்டுவிட்டு 50, 95, 99 பெர்சன்டைல்களை ஒரே படத்தில் போடுங்கள், மேக்ஸையும் (அதிகபட்ச நேரம்) சேர்த்து. மேக்ஸை ‘ஏதோ ஒரு தடவை வந்தது’ என்று ஒதுக்கிவிடுகிறோம். எங்கள் ரிப்போர்ட்டில் அந்த 20 நொடி, அட்டவணையின் ‘மேக்ஸ்’ கட்டத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை, அதற்காக இன்றும் வருத்தம் உண்டு. இன்னொன்று, பல லோடு மெஷின்களின் பெர்சன்டைலைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுக்காதீர்கள், அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. மூலத் தரவை ஒன்றாகச் சேர்த்து மறுபடி கணக்கிட வேண்டும்.

பெர்சன்டைலும் சில விஷயத்தை மறைக்கும். ‘ரெஸ்பான்ஸ் டைம் டிஸ்ட்ரிப்யூஷன்’ படத்தைத் திறந்து பாருங்கள். ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு மேடு தெரிந்தால், உள்ளே இரண்டு வகைப் பாதை இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) கிடைத்தது ஒன்று, டேட்டாபேஸ் வரை போனது இன்னொன்று. சராசரி பல நேரம் இந்த இரண்டு மேட்டுக்கும் நடுப் பள்ளத்தில் விழும், அந்த நேரத்தில் பதில் வாங்கியவர் அநேகமாக யாருமே இருக்க மாட்டார்.

அப்புறம் பிழைகள். சர்வர் திணறும்போது 503 (‘இப்போது முடியாது’ என்ற பிழை எண்) என்று ஐந்தே மில்லிசெகண்டில்கூடத் திருப்பி அனுப்பிவிடும். அந்த ‘வேகமான’ பதில்களும் கணக்கில் சேர்ந்து ரெஸ்பான்ஸ் டைம் கோடு கீழே இறங்கும். ஆட்களை ஏற்றிக்கொண்டே போகும்போது கோடு இறங்கினால் சந்தோஷப்படாமல் முதலில் பிழைக் கோட்டைப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேர அச்சில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் ஐந்து நொடியில் தெரிந்துவிடும்.

படம் தன்னோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ‘லிட்டில் விதி’ இருக்கிறது. ஆட்களின் எண்ணிக்கை என்பது நொடிக்கான ரிக்வெஸ்டையும் ஒருவர் எடுக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. 200 பேர், நொடிக்கு 100 என்றால் நேரம் 2 நொடி. 400 பேர் ஆக்கியும் நொடிக்கு 100-ஐத் தாண்டவில்லை என்றால் நேரம் 4 நொடி ஆகியிருக்க வேண்டும். இது இடைவெளி இல்லாமல் அனுப்பும்போது. உங்கள் கிராஃபில் அப்படி வரவில்லை என்றால், சர்வரை விடுங்கள், லோடு அனுப்பும் மெஷினையே முதலில் சந்தேகப்படுங்கள்.

அதற்கு ஒரு பொதுவான காரணம், டெஸ்ட் ஓடும்போதே ஜேமீட்டரின் ஜியூஐயில் (திரை ஜன்னலில்) ‘கிராஃப் ரிசல்ட்ஸ்’ என்ற லிசனரை (முடிவுகளை வாங்கிக் காட்டும் பகுதி) திறந்து வைத்திருப்பது. அது மெமரியையும் சிபியூவையும் தின்னும். லோடு டெஸ்டில் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஜேமீட்டர் ஆவணமே சொல்கிறது. கமாண்ட் லைனில் ஓட்டி ஜேடிஎல் கோப்பில் (ஜேமீட்டர் முடிவுகளைப் பதிந்துவைக்கும் கோப்பு) எழுதவிட்டு, முடிந்தபின் படம் வரையுங்கள். ஓடும்போதே பார்க்க வேண்டுமென்றால் ‘பேக்எண்ட் லிசனர்’ வழியாக இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற டேட்டாபேஸுக்கு அனுப்பி, கிராஃப் வரையும் கிராஃபானாவில் பாருங்கள்.

உங்களிடம் அந்தப் பழைய ஜேடிஎல் கோப்பு இருக்கிறதா? இருந்தால் டெஸ்டை இப்போதே மறுபடி ஓட்ட வேண்டாம். கிரானுலாரிட்டியை 1,000 ஆக்கி, அதே கோப்பிலிருந்து ரிப்போர்ட்டை மட்டும் மறுபடி எடுங்கள். பல் தெரிந்தால் இரண்டு பல்லுக்கு நடுவில் எத்தனை நிமிடம் என்று அளந்து கமெண்டில் எழுதுங்கள், உங்கள் சர்வரில் அந்த இடைவெளியில் எது ஓடுகிறது என்று சேர்ந்து தேடலாம்.