ஆவண நாடகத்தின் வழியே உண்மைக் கதைகளைச் சொல்லக் கற்பது எப்படி?

ஆவண நாடகத்தைக் கற்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்பதிலிருந்து தொடங்குங்கள், எழுதுவது வெகு பின்னால் வரும். நேர்காணல், நீதிமன்றப் பதிவு, கடிதம் போன்றவற்றில் உள்ள சொற்களையே வசனமாக்குவது இவ்வடிவத்தின் அடிப்படை. எடுத்துக்காட்டாக, ஆஷ்விட்ஸ் என்னும் நாஜி வதைமுகாமில் நடந்த குற்றங்களுக்காக ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் நடந்த வழக்கின் சாட்சியங்களைக் கொண்டு நாடகாசிரியர் பீட்டர் வைஸ் எழுதிய நாடகம் 1965இல் மேடையேறியது.

பயிற்சிக்கு, ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிப் பதிவுசெய்து, அதில் மூன்று நிமிடத்தை மட்டும் தேர்ந்து, தயக்கத்தையும் பாதியில் நின்ற வாக்கியத்தையும் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். "அவர் சட்டையை நான்... இன்னும் துவைக்கவில்லை" என்று ஒருவர் சொல்லியிருந்தால், இழப்பின் கனம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது; வாக்கியத்தைச் செப்பனிட்டால் அது போய்விடும். பிறகு பதிவைக் கேட்டபடியே, அதே மூச்சோடு உரக்கச் சொல்லிப் பழகுங்கள். மேடைக்கு ஒரு நாற்காலி போதும்.

தொகுப்பில்தான் மிகுந்த கவனம் தேவை. சொற்கள் உண்மையானவையாக இருந்தாலும், வரிசையை மாற்றுவதாலேயே ஒருவர் சொல்லாத பொருளை அவர் வாயில் திணித்துவிட முடியும். ஆகவே பதிவுக்கு முன் ஒருமுறையும், பிரதியை அவருக்கே வாசித்துக் காட்டியபின் மறுமுறையும் சம்மதம் பெறுங்கள். அவர் நீக்கச் சொல்லும் வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் நீக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.