அதியமான்கோட்டையில் எதைப் பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது?

புறநானூற்றை விரும்பிப் படிக்கும் ஒருவர், அதியமானும் ஔவையாரும் வாழ்ந்த இடம் என்று காணொளிகளில் புகழப்படும் அதியமான்கோட்டையைப் பார்ப்பதற்காகவே சென்னையிலிருந்து குடும்பத்தோடு தருமபுரிக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். கோட்டையைப் பார்க்க மட்டும் என்றால் வர வேண்டாம் என்பதே தருமபுரிக்காரனாகிய என் பதில். புறநானூற்றுக்காக என்றால் கட்டாயம் வாருங்கள்; ஆனால் காணொளிகள் காட்டும் இடத்தில் அது இல்லை.

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 7 கிலோமீட்டரில் இருக்கிறது அதியமான்கோட்டை. பெயரில் கோட்டை இருந்தாலும், மதில் என்றோ கொத்தளம் என்றோ கைகாட்டிச் சொல்லும்படி அங்கே எதுவும் நிற்கவில்லை. அதியமானுக்கும் ஔவையாருக்கும் சிலைகளோடு அரசு எழுப்பிய நினைவிடம் உண்டு. பிள்ளைகளுக்குக் கதை சொல்ல அது உதவும். சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்தில் உள்ள பழைய ஓவியங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கத் தகுந்தவை. காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமி அன்று சாம்பல் பூசணிக்காயில் விளக்கேற்றக் கூட்டம் அலைமோதும். வழிபாட்டுக்கு அல்லாமல் ஊரைப் பார்க்க வருபவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுவது நல்லது.

இந்தக் கோயில்களைக் காட்டி, "அதியமான் கட்டியது, ஔவையார் இங்கேதான் நடமாடினார்" என்று சொல்லப்படுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததைப் புதுமையாகக் கருதி மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் கல்வெட்டு வெட்டிவைத்தது ஏழாம் நூற்றாண்டில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட அதியமான் நெடுமான் அஞ்சி இன்று நாம் காணும் கற்கோயில்களைக் கட்டியிருக்க வழியில்லை. அதியர் குடிப்பெயர் நெடுங்காலம் நீடித்ததும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்து அதியர் தலைவனான விடுகாதழகிய பெருமாள், தன்னைப் பழைய எழினியின் வழிவந்தவனாகவே சொல்லிக்கொண்டான். நாமக்கல் குடைவரையும் அதியர் பெயரைத் தாங்கியதுதான். பின்வந்தவர்களின் காலத்தை எல்லாம் சங்ககாலத்து அஞ்சியின் தலையில் ஏற்றுவது அவனுக்குப் பெருமை சேர்க்காது. அவன் பெயர் பொறித்த கல்வெட்டு உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அது நம் மாவட்டத்தில் இல்லை. திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில், "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" (அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம்) என்று பாறையில் வெட்டப்பட்ட தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகள் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன.

அப்படியானால் தருமபுரியில் எதைப் பார்ப்பது? நகரிலுள்ள அரசு அகழ்வைப்பகத்தில் (அருங்காட்சியகத்தில்) வைத்திருக்கும் நடுகற்களை, அதாவது போரிட்டு இறந்த வீரர்களுக்காக நட்ட கற்களை, பாருங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. இந்த இரண்டு மாவட்டங்களும் பக்கத்துச் செங்கம் வட்டாரமும் சேர்ந்துதான் தமிழ்நாட்டு நடுகற்களின் தாய்நிலம். எழுத்துடைய கற்களில் பெரும்பாலானவை சங்ககாலத்துக்குப் பிற்பட்டவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் பாட்டில் வரும் வழக்கத்தைக் கல்லிலேயே காண வேண்டுமென்றால் இதைவிட நெருங்கிய சான்று நமக்கு வேறில்லை.

ஒரு கல்லின் முன் நின்று நிதானமாகப் பாருங்கள். ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளுமாக வீரன் பக்கவாட்டில் காலை அகற்றி நிற்பான்; சில கற்களில் அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கும். காலடியில் கிண்டியும் சிமிழும், சில கற்களில் மாடுகளும் செதுக்கப்பட்டிருக்கும். மேலே இரண்டு மூன்று வரி வட்டெழுத்தில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், யாருடைய சேவகன், எந்தத் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கும்போது பட்டான் என்ற செய்தி இருக்கும். மன்னன் பெயர் கால அடையாளத்துக்கு மட்டுமே வருகிறது; கல் மாடு மீட்டுச் செத்த மனிதனுக்கு உரியது. அந்த இடத்தில் நின்றுகொண்டு அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய 232ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள். "நடுகல் பீலி சூட்டி நாரரி சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ" என்று கேட்கிறார். மலைகளோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், மயிற்பீலி சூட்டிய கல்லாகி நிற்கையில் சிறு கலத்துக் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்பது அவர் துயரம். அஞ்சியின் மார்பில் தைத்த வேல் பாணர்களின் மண்டைப் பாத்திரங்களையும் துளைத்தது என்று சொல்லும் 235ஆம் பாட்டை, அம்பு தைத்த வீரனைப் பார்த்தபடி படிக்கும்போது வகுப்பறையில் உறைக்காத ஒன்று உறைக்கும். நெல்லிக்கனிச் சிலை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தருவதில்லை.

அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்ததைச் சொல்லும் 91ஆம் பாட்டும் பெருமலைப் பிளவில் அரிதாகக் கிடைத்த கனி என்று சொல்கிறதே தவிர, எந்த மலை என்று பெயர் சொல்லவில்லை. ஆகவே நெல்லிக்கனி பறித்த மலை இதுதான் என்று எவராவது கைகாட்டினால் நம்ப வேண்டாம்.

ஊர்ப்புறங்களில் நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபாட்டில் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் ஏறிய அந்தக் கற்கள் காட்சிப்பொருள்கள் அல்ல. அந்தந்த ஊராருக்குக் குலதெய்வங்கள். யாரையாவது கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். எழுத்தைப் படிக்கிறேன் என்று கல்லின்மேல் சுண்ணப்பொடியோ மாவோ தேய்க்க வேண்டாம்; பொரிந்துபோன எழுத்துகள் அதிலேயே உதிர்ந்துவிடும்.

குடும்பத்தோடு வருவதானால் அகழ்வைப்பகம் திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, காலையில் முதலில் அங்கே செல்லுங்கள். அதியமான்கோட்டையை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். புறநானூற்றில் 87 முதல் 95 வரையுள்ள பாட்டுகளும் 231, 232, 235 ஆகியவையும் உரையோடு கையில் இருக்கட்டும். அதியமானின் தலைநகரான தகடூர் (இன்றைய தருமபுரி) வீழ்ந்த கதையும் வேண்டுமென்றால், அதை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடிய பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கலையும் அதே நாளில் பார்த்துவிட முயல வேண்டாம். பரிசலுக்குக் காத்திருப்பதிலேயே அரைநாள் போய்விடும். பிறகு அகழ்வைப்பகத்தில் ஒரு கல்லைக்கூட நின்று பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.