வெட்டியும் வளரும் காடு: ஐரோப்பிய வனக் கொள்கை பற்றி வாசகர் கேள்விகள்

ஐரோப்பாவில் மரத்தை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். காடும் கூடிக்கொண்டே போகிறது என்கிறார்கள். கணக்கு இடிக்கிறதே? (கல்லூரி மாணவர், கோவை)

இடிக்காது. கன்றுக்கு விட்டுக் கறப்பது போலத்தான் இதுவும். ஓர் ஆண்டில் வளரும் அளவுக்குள் வெட்டினால் இருப்பு குறையாது. இதை 1713லேயே எழுதிவைத்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்தவர். இயற்கை மேல் உருகி எழுதவில்லை. வெள்ளி உருக்கும் உலைக்குக் கரி கிடைக்காமல் போய்விடுமோ என்ற கவலையில் எழுதினார். அந்தக் கணக்கு நமக்கும் வந்து சேர்ந்தது. 1864இல் இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரியான டீட்ரிச் பிராண்டிஸ் ஜெர்மானியர். எங்கே, எப்போது, எவ்வளவு வெட்டலாம் என்று வகுக்கும் ‘ஒர்க்கிங் பிளான்’ கோப்புகள் இன்றும் நம் வனக் கோட்டங்களில் புரள்கின்றன; அவற்றின் பூர்வீகம் அங்கேதான்.

பரப்பு கூடியதற்கு வேறு காரணங்களும் உண்டு. மலைக்கிராமங்களில் உழவர்கள் கைவிட்ட வயல்களில் காடு தானாகவே ஏறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலத்தில் இன்று ஐந்தில் இரண்டு பங்கு காடு. ஆனால் பரப்பை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். பிரிட்டனில் முதல் உலகப் போர் முடிந்தபோது காடு 5% அளவுக்குத்தான் இருந்தது. இப்போது சுமார் 13%. கூடியதில் பெரும்பகுதி வரிசை பிடித்து நட்ட ஊசியிலை மரங்கள். அதிலும் முன்னணியில் நிற்கும் சிட்கா ஸ்ப்ரூஸ் வட அமெரிக்காவிலிருந்து வந்தது.

ஐரோப்பா முழுமைக்கும் ஒரே வனச் சட்டமா? (வழக்கறிஞர், மதுரை)

இல்லை. ஒன்றியத்தின் ஒப்பந்தங்களில் காட்டுக்கென்று தனி அதிகாரம் தரப்படவில்லை. 2021இல் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் வெளியிட்ட 2030க்கான வன உத்தி வழிகாட்டிதான், சட்டமல்ல. சுற்றுச்சூழல், வணிகம் என்ற பக்கவாசல்கள் வழியாகவே ஒன்றியம் காட்டுக்குள் நுழைகிறது. ஆனால் அந்த நுழைவு சாதாரணமானதல்ல. போலந்தின் பியாவோவியேஜா பழங்காட்டில் அரசு மரம் வெட்டியது சட்டவிரோதம் என்று ஒன்றிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது, இயற்கைப் பாதுகாப்பு விதிகளை வைத்துத்தான்.

மற்றபடி நாட்டுக்கு நாடு தனிச் சட்டம். ஒரு நாட்டின் வனச் சட்டத்தைப் படித்தால், அந்த நாடு ஒரு காலத்தில் எதற்குப் பயந்தது என்று தெரிந்துவிடும். சுவிட்சர்லாந்துக்குப் பனிச்சரிவு பயம். ஆண்டர்மாட் என்ற மலையூரில், ஊருக்கு மேலே நிற்கும் மரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று 1397லேயே ஊர்க்கட்டுப்பாடு. 1868 வெள்ளத்துக்குப் பிறகு, 1876இல் கூட்டாட்சிச் சட்டமே வந்தது. இன்றும் அங்கே காட்டை அழிக்க அனுமதி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஈடாக நட்டுத் தர வேண்டும். பிரிட்டனுக்குப் போர் பயம். போர்க்காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களின் கூரையைத் தாங்க முட்டுக்கட்டை (நேர்ப்பொருளில்தான் சொல்கிறேன்) இல்லாமல் திண்டாடிய பிறகு 1919இல் வன ஆணையம் அமைத்தார்கள். சுவீடனின் 1903ஆம் ஆண்டுச் சட்டம், வெட்டியவன் மறுபடி காட்டை உண்டாக்க வேண்டும் என்றது.

அதே சுவீடனில் விசிங்ஸோ என்ற தீவில், கடற்படைக் கப்பல்களுக்காக 1830களில் ஓக் மரங்களை நட்டார்கள். 1975இல், ‘மரம் தயார்’ என்று கடற்படைக்குத் தகவல் போனதாம். அதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறி நூறு வருடம் ஆகியிருந்தது.

ஜெர்மனி போயிருந்தபோது ஹார்ஸ் மலையில் மரமெல்லாம் நின்றபடியே சாம்பல் நிறத்தில் செத்திருந்தது. தீயா? (வாசகி, சென்னை)

தீயல்ல, பட்டை வண்டு. அரிசி மணியைவிடச் சற்றுச் சிறியது. ஸ்ப்ரூஸ் மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே போய் முட்டையிடும். அடிமரத்தில் காப்பித்தூள் மாதிரிப் பழுப்புத் துகள் உதிர்ந்து கிடந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பட்டையைப் பெயர்த்துப் பார்த்தால், நடுவே ஒரு தாய்ச் சுரங்கம், இரு பக்கமும் புழுக்கள் குடைந்த கிளைச் சுரங்கங்கள் என்று செதுக்கியது போலிருக்கும். நல்ல தெம்புள்ள மரம் பிசினைச் சுரந்து வண்டை மூழ்கடித்துவிடும். தண்ணீர் இல்லாத மரத்துக்குப் பிசின் ஏது?

2018இல் தொடங்கிய வறட்சி அந்தத் தெம்பைத்தான் உறிஞ்சியது. மூன்று ஆண்டுகளில் ஜெர்மனி இழந்த காடு சுமார் 5 லட்சம் ஹெக்டேர். வறட்சியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஸ்ப்ரூஸ் குளிர்ந்த மலையுச்சியின் மரம். நேராக வளர்கிறது, விலை போகிறது என்று தாழ்நிலங்களிலும் அதையே நட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெட்டவெளியான இடங்களிலும் அதுதான். ஒரே இனம், ஒரே வயது: வண்டுக்குப் பந்தி விரித்த மாதிரி. 2024இல் வெளியான தேசிய வனக் கணக்கெடுப்பின்படி, ஜெர்மானியக் காடுகள் கார்பனை உள்வாங்குவதைவிட அதிகமாக வெளியே விடுகின்றன.

இப்போது பீச், ஓக் என்று அகன்ற இலை மரங்களையும் கலந்து நடுகிறார்கள். செத்த மரத்தை என்ன செய்வது என்பதில்தான் இன்னும் சண்டை. வண்டு பரவாமல் உடனே வெட்டி அகற்று என்பது ஃபாரஸ்டர்களின் பழைய பாடம். பவேரியக் காட்டுத் தேசியப் பூங்காவின் மையப் பகுதியிலோ 1983 புயலுக்குப் பிறகு விழுந்ததை விழுந்தபடியே விட்டார்கள். பின்னர் வண்டு வந்து சரிவு சரிவாக மரம் செத்தபோது ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். இன்று அங்கே இளங்காடு தானாக எழும்பி நிற்கிறது. பூங்காவுக்கு அது சரி. மரம் விற்றுப் பிழைக்கும் குடும்பத்திடம் நாற்பது வருடம் பொறு என்று என்னால் சொல்ல முடியாது.

என் நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட அங்கேயும் அனுமதி கேட்க வேண்டுமா? (விவசாயி, தென்காசி)

ஸ்லோவேனியாவில் கட்டாயம். நாட்டில் ஏறத்தாழ 58% காடு, அதில் முக்கால் பங்கு தனியார் கையில். மொத்தமாக மொட்டையடித்து வெட்டுவதை 1940களின் இறுதியிலேயே நிறுத்திவிட்டார்கள். எந்த மரம் போகலாம் என்று அரசு ஃபாரஸ்டர் உரிமையாளரோடு நடந்து பார்த்துக் குறியிடுவார்.

ஒருமுறை அவர்களோடு நானும் போயிருந்தேன். ஒரு பெரிய பீச் மரத்தை உரிமையாளர் தட்டிக் காட்டினார். ஃபாரஸ்டர் மரத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து உச்சியைப் பார்த்தார், பிறகு குனிந்து அடியில் முளைத்திருந்த கன்றுகளைப் பார்த்தார். ‘இது நிற்கட்டும், பக்கத்தில் கோணலாக இருப்பது போகட்டும்.’ நெஞ்சு உயரத்தில் ஒரு குறி, வேரை ஒட்டி ஒரு குறி. இரண்டாவது எதற்கு என்றேன். ‘மரம் போன பிறகு கட்டையில் அது இருக்கும். குறி இல்லாத கட்டை இருந்தால் திருட்டு வெட்டு’ என்றார்.

பின்லாந்து இதற்கு நேர் எதிர். அங்கே அறிவிப்புக் கொடுத்தால் போதும்.

காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஐரோப்பாவின் புதிய விதி என்னையும் பிடிக்குமா? (ஏற்காடு)

உங்கள் காப்பி அங்கே போனால் பிடிக்கும். 2023இல் நிறைவேறிய விதி இது. அமலாவது ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போயிருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த காப்பி, கோகோ, ரப்பர், மரம் முதலியவை உள்ளே போகக் கூடாது. சில்வர் ஓக் நிழலில் மிளகு ஏற்றிய பழைய தோட்டம் விவசாய நிலமாகவே கருதப்படும், பயப்பட வேண்டாம். ஆனால் பட்டா எண் மட்டும் போதாது. தோட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லைக்கோடு முழுவதும். க்யூரிங்கில் (கொட்டையின் தோலை நீக்கித் தரம் பிரிக்கும் ஆலையில்) ஊர் தெரியாத காப்பியோடு உங்களுடையது கலந்தால் மொத்த சரக்கும் சிக்கலாகும். வியாபாரியிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

பாட்டில் தக்கைக்காக மரத்தையே வெட்டுகிறார்களாமே? (குடும்பத்தலைவி, திருச்சி)

வெட்டுவதில்லை, உரிக்கிறார்கள். போர்ச்சுகலில் தக்கை ஓக்கை வெட்டத்தான் அனுமதி வாங்க வேண்டும். மரத்துக்கு இருபத்தைந்து வயது ஆனதும் கோடாரியால் பட்டையை மட்டும், உள்தோலில் படாமல், பெயர்த்தெடுப்பார்கள். பிறகு ஒன்பது வருடம் தொட மாட்டார்கள். மறந்துவிடாமலிருக்க, செங்காவி நிறத்தில் தெரியும் அடிமரத்தில் வருடத்தின் கடைசி எண்ணை வெள்ளைப் பெயின்டால் எழுதிவைப்பார்கள். 9 என்று எழுதியிருந்தால் 2019இல் உரித்தது. அடுத்த முறை 2028இல்.