இங்கிலாந்தில் கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) ஒருவராக இருக்கும் ஹை ஷெரீப், உணவு வங்கிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் போவது எதற்கு? போய் என்ன செய்ய முடியும்?

அதிகாரம் என்று பார்த்தால், ஒன்றும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய பதவி; அந்தக் காலத்தில் வரி வசூலும் குற்றவாளியைப் பிடிப்பதும் இவர் வேலை. இப்போது சம்பளம் கிடையாது, பதவிக்காலம் ஓராண்டு. பட்டியலில் உள்ள பெயருக்கு நேரே மன்னர் ஊசியால் குத்தித் தேர்வு செய்வார். நம் சென்னையிலும் முன்பு ஷெரீப் இருந்தாரே, ஏறக்குறைய அதே மாதிரி.

சரி, வருகையால் என்ன பயன்? பண உதவியை விட அறிமுகம்தான் முக்கியம். நீதிபதி, காவல்துறைத் தலைவர், நன்கொடையாளர் எல்லோரையும் அவருக்குத் தெரியும். யாரும் கண்டுகொள்ளாத சிறு தொண்டு அமைப்பை அவர்களிடம் கொண்டுசேர்க்கிறார். வெல்வெட் கோட்டும் வாளுமாக வந்தால் உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும் கேமராவோடு வந்துவிடுவார்!