பொன்னாடை போர்த்திய பிறகு

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். சுதந்திர தின விழாவுக்கு எங்கள் ஊர் முன்னாள் ராணுவ வீரர் ஒருவரைப் பேச அழைத்திருந்தோம். 1999 கார்கில் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். திராஸ் பக்கம் சாலையோரம் பீரங்கிகளை நிறுத்தியதையும், மலைமேல் இருந்தவர்களுக்குக் கீழே போகும் ஒவ்வொரு வண்டியும் தெரிந்ததையும் சொன்னார். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். கூட இருந்த நண்பர் குண்டுச் சிதறல் பட்டு விழுந்த இடம் வந்ததும் அவரால் பேச முடியவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். உடனே பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, தேசிய கீதம் என்று விழா முடிந்துவிட்டது. மேடையை விட்டு இறங்கும்போது அவர் "இன்னும் முடியலையே சார்" என்றது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

அவர் பேச்சை ஒன்றரை நிமிட வீடியோவாக வெட்டிப் போட்டேன். "சல்யூட் ஐயா", "நன்றி ஐயா" என்று நூற்றுக்கணக்கில் வந்தன. ஒரு நண்பர் மட்டும், பிள்ளைகள் முன்னால் இப்படிப் போரைப் புகழலாமா என்று கேட்டார். அதிலிருந்து குழப்பமாக இருக்கிறது. போர் நினைவுகளைச் சொல்பவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்வது சரியா? சரி என்றால் எப்படிச் சொல்ல வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நன்றி சொல்வது சரிதான். உங்கள் நண்பரின் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டாளி விழுந்த இடத்தில் தொண்டை அடைத்து நின்ற மனிதர் போரைப் புகழ்ந்தார் என்று, அந்த மேடையைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் நண்பர் பார்த்தது வீடியோவை. வெட்டியது நீங்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாமல் செய்தது "இன்னும் முடியலையே சார்" என்ற அந்த ஒரு வரி. போன மாதம்தான் எங்கள் பெரியப்பாவுக்குத் தலைத்திவசம் முடிந்தது. ஊருக்குப் போய்வந்ததிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது சாதாரணம். ஆனாலும் எங்கள் வீட்டுக்குத்தான் மிலிட்டரிக்காரர் வீடு என்று பெயர். அவரிடம் ஊர் கேட்டது இரண்டே விஷயம். பெரியவர்கள், "கேன்டீன் கோட்டா வந்துருச்சா?" என்பார்கள். பிள்ளைகள் நாங்கள், "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்போம். பொங்கலன்று அவரை நடுவில் நிற்கவைத்து, "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று ரெஜிமென்ட் முழக்கத்தைப் போடச் சொல்லிக் கூத்தாடுவோம். அவரும் போடுவார். அந்த முழக்கம் நம் மொழியில் இருக்கிறது. பெரியப்பா சண்டைக்குப் போன இடம் யாழ்ப்பாணம். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்பட்டிருக்காது என்பது அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை.

1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. அந்த அக்டோபரைப் பற்றி பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பிப்பார். எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான். வேர்க்கடலைத் தோலை எடுத்து இரண்டு வரிசையாக வைப்பார். அது கிடுகு வேலி. நடுவில் விட்ட இடம் ஒழுங்கை. யாழ்ப்பாணத்தில் சந்துக்கு அப்படிச் சொல்வார்கள் என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். உடைக்காத கடலை ஒன்று கிணறு. தீப்பெட்டி, வீடு.

அந்த வீட்டில் வயதான ஒரு அம்மா. ஆபீசருக்குத் தமிழ் தெரியாது என்பதால் இவரை முன்னால் அனுப்பியிருக்கிறார்கள். "வீட்ல யார்லாம் இருக்கீங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீர் தமிழோ?" என்று கேட்டாராம். "ஆமாம்மா, வேலூர்ப் பக்கம்."

அந்த அம்மா உள்ளே போனார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். கோட்டா கேட்டு வருவார்கள், சாப்பிடக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் எங்களில் ஒருவன், "சரி பெரியப்பா, சண்டை எப்ப வரும்?" என்பான். அவர் சிரித்துக்கொண்டே கடலைத் தோலைக் கூட்டிவிடுவார்.

1996 தீபாவளி. நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஈழத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக் கொதித்துக்கொண்டிருந்த வயது. பெரியப்பா அன்றைக்கும் கடலைத் தோலை அடுக்கினார். நான் நின்றுகொண்டே, "யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. அந்தக் கதையைச் சொல்லுங்க" என்றேன். 1987 அக்டோபர் 21, அதுவும் ஒரு தீபாவளி நாள், அந்த மருத்துவமனைக்குள் இந்தியப் படை புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் கொன்றது. பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். "நான் அங்க இல்லப்பா" என்றார். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றேன்.

வேலியையும் கிணற்றையும் கையால் வழித்து முற்றத்தில் போட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை என்னிடம் யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றபடி என்மேல் அவருக்குப் பிரியம் குறையவே இல்லை. என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் நின்று பரிமாறினார்.

திவசத்தன்று பெரியம்மாவிடம் கேட்டேன். "யாழ்ப்பாணத்துல ஒரு அம்மா கதை சொல்வாரே, அதை முழுசா உங்ககிட்ட சொல்லியிருக்காரா?" பெரியம்மா, "எந்த அம்மா?" என்றார். "அங்க நடந்த எதையும் எங்கிட்ட சொன்னதில்லப்பா. நல்லா இருக்கேன்னு கடுதாசி வரும், அவ்வளவுதான்."

அந்த அம்மா உள்ளே போய் என்ன செய்தார்? தண்ணீர் கொண்டுவந்தாரா, கதவைச் சாத்திக்கொண்டாரா, வேறு ஏதாவது நடந்ததா? அது பெரியப்பாவோடு போய்விட்டது. பாதிக் கதை என்னிடம் இருக்கிறது. மீதியை வாங்கிக்கொள்ள எனக்குக் கிட்டத்தட்ட முப்பது வருடம் இருந்தது.

நான் கேட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த மருத்துவமனையில் செத்தவர்களுக்காக இன்னும் கேட்கத்தான் வேண்டும். ஒரு சிப்பாய்க்கு நன்றி சொன்னால் அவன் படை செய்த எல்லாவற்றையும் மன்னித்ததாக ஆகிவிடாது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்பதை, அந்த வெறி எங்கிருந்து வந்தது என்பதை, உயிர் பிழைத்த நோயாளிகளும் ஊழியர்களும் சொல்லவேண்டும், திரும்பிவந்த சிப்பாய்களும் சொல்லவேண்டும். நான் நியாயம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பேச வந்த ஒருவரின் வாயை அடைத்தேன்.

நாடும் அதைத்தான் செய்தது. அந்தப் படையில் 1,100 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசியாகத் திரும்பியவர்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்ற கோபம் அது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அனுப்பிவைத்த தில்லிக்கும் அதைப் பேச விருப்பமில்லை. வென்ற கதையாகவும் இல்லை, பெருமைப்பட்டுக்கொள்ளும் கதையாகவும் இல்லை, யாருக்கு வேண்டும்? கார்கில் சிப்பாயை மேடையில் ஏற்றுகிறோம், நல்லது. பெரியப்பாவை ஒரு பள்ளிக்கூடமும் கூப்பிட்டதில்லை. டிசம்பர் 7 கொடி நாளில் அவரே பத்து ரூபாய் கொடுத்துக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவார்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. 1914-ல் தொடங்கிய முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டால் 263 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். கடல் தாண்டிப் போய், பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்துவிட்டு, இதே பஜாரில் காய்கறி வாங்கியிருப்பார்கள். அவர்கள் சொன்னதை யார் கேட்டார்கள்? நடுகல் காலத்திலிருந்து நாம் செத்தவனுக்குக் கல் நடுவதில் குறைவைத்ததில்லை. கார்கிலில் உயிர்விட்ட மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் உண்டு, இருக்கவும் வேண்டும். பிழைத்து வந்து பேசுகிறவனை என்ன செய்வதென்றுதான் நமக்குத் தெரியவில்லை. அதனால் சால்வை போர்த்துகிறோம்.

கேட்டாலும் நம்புவதில்லை. 1962 நவம்பர் 18-ல் லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் கீழ் 13-வது குமாவுன் பட்டாலியனின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், சீனப் படையை எதிர்த்து நின்றது. பெரும்பாலும் ஹரியானாவின் அஹிர் விவசாயக் குடும்பத்துப் பையன்கள். 110 பேருக்கு மேல் செத்தார்கள். தப்பி வந்த சிலர், கடைசிவரை நின்றோம் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. 1963 பிப்ரவரியில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் அங்கே போய்ப் பார்த்தார். அவரவர் குழியில், ஆயுதத்தைப் பிடித்த கையோடு, உடல்கள் உறைந்து கிடந்தன. அதற்குப் பிறகுதான் நம்பினார்கள். பிழைத்து வந்தவர்களுக்கு அந்த மூன்று மாதம் எப்படிப் போயிருக்கும்? "நான் அங்க இல்லப்பா" என்று பெரியப்பா சொன்னது உண்மையா பொய்யா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது உங்களிடம் வருகிறேன் தம்பி. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப் போகிறேன்.

பிள்ளைகள் கைதட்டியதில் பிழையில்லை. மேடையில் யாராவது பேச்சை நிறுத்தினால் கைதட்ட வேண்டும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். ஆனால் நீங்கள் பெரியவர். வரலாற்று ஆசிரியர் வேறு. ஒருவர் தன் நண்பன் செத்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இழவு வீட்டில் கைதட்டுவோமா? பேசிக்கொண்டிருக்கும்போதே சால்வையைப் பிரித்துக்கொண்டு போய் நிற்போமா?

இழவு வீட்டில் எப்படி நடந்துகொள்வதென்று நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துக்கம் கேட்கப் போகிறோம் என்றுதானே சொல்கிறோம்? துக்கம் சொல்லப் போகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. போய் உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்கிறோம். அந்த வீட்டுக்காரர் காலையிலிருந்து நாற்பது பேரிடம் சொன்னதை நமக்கும் முதலிலிருந்து சொல்வார். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார், பதினொரு மணிக்குத் தண்ணீர் கேட்டார் என்று. நமக்கு முன்பே தெரிந்திருந்தாலும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்போம். நடுவில் எழுந்திருக்க மாட்டோம். அவர் அழுதால் அழுது முடிக்கட்டும் என்று இருப்போம். "ரொம்ப நன்றிங்க, நல்லா சொன்னீங்க" என்று யாராவது அந்த இடத்தில் சொன்னால் அடிக்க வந்துவிடுவார்கள். எழுத்தறியாத பாட்டிக்கும் தெரிந்த இந்த மரியாதை, மைக் வைத்து நாற்காலி போட்டதும் நமக்கு எப்படி மறந்துபோகிறது?

வீடியோவுக்குக் கீழே நூற்றுக்கணக்கில் நன்றி வந்தது என்கிறீர்கள். எழுதியவர்கள் மனதாரத்தான் எழுதியிருப்பார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பார்க்காத பகுதியில் என்ன இருந்தது? நீங்கள் எதையெல்லாம் வெட்டினீர்கள்? தொண்டை அடைத்ததை வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் அவர் பயந்ததாகச் சொன்னதை எடுத்துவிட்டீர்களா? அப்படிச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. நீங்களே திரும்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பொன்னாடை இருக்கிறது, நினைவுப் பரிசு இருக்கிறது, தேசிய கீதம் இருக்கிறது, நன்றிகளின் எண்ணிக்கை இருக்கிறது. திராஸில் விழுந்த அந்த நண்பரின் பெயர் இல்லை. எந்த ஊர்க்காரர் என்பதும் இல்லை. அவர் சொல்லவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். போகும் முன் அந்த ஒன்றரை நிமிடத்தை எடுத்துவிடுங்கள். சால்வை, பழத்தட்டு எதுவும் வேண்டாம். விருப்பப்படுகிற பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம், போன் மட்டும் பையிலேயே இருக்கட்டும். "அன்னைக்கு இன்னும் முடியலைன்னு சொன்னீங்களே ஐயா, அதைக் கேட்கத்தான் வந்தோம்" என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள், அடுத்த மாதம் மறுபடி போங்கள். அவர் சொல்ல ஆரம்பித்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். மேடையில் சொன்ன சாலையும் மலையும் திரும்ப வரும். தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்த நண்பரின் பெயர் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.