பேட்டிங் கேஜுக்கு 4,000 டாலர்: சாக்லேட்டை விடுங்கள், வேலியைப் பாருங்கள்

பேஸ்பால் அணியில் 18 பையன்கள், பேட்டிங் பயிற்சிக் கூண்டின் (கேஜ்) வலைக்கு 4,000 டாலர் வேண்டும், சீசனுக்கு இரண்டே மாதம், போன வருடம் விற்ற சாக்லேட்டில் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்கிறீர்கள். நிற்காதுதான், விற்ற காசில் ஏறக்குறைய பாதி கம்பெனிக்கே போகும்.

முதலில் அவுட்ஃபீல்டு வேலியில், அதாவது மைதானத்தின் வெளி எல்லை வேலியில், கடைகளின் விளம்பர பேனர். 4க்கு 8 அடி, கடைக்கு 250 டாலர் கேளுங்கள். அச்சுக்கு 70 போனாலும் 12 கடையில் 2,160 தேறும். துளையுள்ள மெஷ் வினைல் (பிளாஸ்டிக் துணி)தான் வேண்டும். சாதா வினைல் காற்றைப் பிடித்து, வளையத்தோடு கிழிந்து, வேலியையே சாய்த்துவிடும். பேட்டருக்கு நேர் எதிரே, நட்டநடு சென்டர்ஃபீல்டில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். அந்தப் பின்னணியில் பிட்சர் எறியும் வெள்ளைப் பந்து பேட்டர் கண்ணுக்குத் தெரியாது.

மீதிக்கு ஹிட்-அ-தான்: ஆளுக்கு 10 பந்து, தூரத்தை அளந்து பரிசு. ஒரு அடி தூரத்துக்கு இத்தனை சென்ட் என்று ஆதரவாளர்களிடம் வாக்கு வாங்கினால் அப்புறம் வசூலுக்கு அலையணும். பையனுக்குப் பத்து ஆதரவாளர், தலைக்குப் பத்து டாலர், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்: 1,800. அப்புறம் 40 டாலர்தான் பாக்கி.

ராஃபிள் (பரிசுச் சீட்டுக் குலுக்கல்) வேண்டுமானால் மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அணிக்கு நிதி திரட்டும் பெற்றோர் சங்கம் (பூஸ்டர் கிளப்) வரிவிலக்குப் பெற்றது என்றால், ஒரு பையன் திரட்டியதை அவன் கட்டணத்திலேயே கழிக்காதீர்கள். அப்படிச் செய்த ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப், 2013இல் அமெரிக்க வரி நீதிமன்றத்தில் தோற்று விலக்கை இழந்தது.